தொடாது இசைக்கும் கருவி: தெரமின் பயிலத் தொடங்குவார்க்கு

(பசறையிலிருந்து பட்டதாரி ஆசிரியர் ஒருவர்)

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என இசைக்கருவிகளை நால்வகைப்படுத்துதல் நம் முன்னோர் மரபு. மிடற்றையும் ஒரு கருவியாகக் கொண்டு ஐவகை என்பாரும் உளர். இவற்றுள் எதனை எடுத்துக்கொண்டாலும் இசைப்போனது உடல் கருவியைத் தீண்டியே ஆகவேண்டும். மத்தளத்தைக் கை அறைகின்றது; குழலை இதழ் பொருந்துகின்றது; வீணையின் நரம்பை விரல் தெறிக்கின்றது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், இவ்வகைகளுள் எதனிலும் அடங்காத கருவியொன்று தோன்றிற்று. இசைப்போன் அதனைத் தீண்டுவதில்லை. அதன்முன் நின்று, இரு கைகளையும் காற்றில் அசைக்கின்றான், இசை எழுகின்றது. அதுவே தெரமின் என்பது.

நம் மாணவருள் இக்கருவியைக் கண்ணாற் கண்டவர் மிகச் சிலராகவே இருப்பர். ஆயினும், இதனைப் பயிலும் முறையை அறிந்துகொள்ளுதல் இதனை என்றுமே கையாளாத இசைமாணவனுக்கும் பயன் தருவதாகும். சுரம் என்பது கருவியின் ஓரிடத்தில் வைக்கப்பட்ட பொருளா, அன்றிச் செவி உணரும் உறவா என்பது பழைய வினா. அவ்வினாவுக்குத் தெரமின் தரும் விடை, வீணையும் வயலினும் வாங்க வசதியற்ற தோட்டப் பாடசாலைகளில் இசை கற்பிப்போர் கருத்தில் இருத்தவேண்டியதொன்று. ஆகவே, கருவியின் வரலாறு, அமைப்பு, பயிற்சிமுறை என்பவற்றை முறையே கூறி, அவ்விடையையும் ஈண்டு ஆராய்வோம்.

வரலாறு

இக்கருவியை ஆக்கியவர் 1896 இல் இரசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் பிறந்த லெவ் செர்கேயெவிச் தெர்மென் என்னும் பௌதிக அறிஞர். மேனாட்டார் இவரை லியோன் தெரமின் என்று வழங்கினர். 1920 இல், பேராசிரியர் ஐயோஃபே தலைமையில் இயங்கிய பௌதிகத் தொழில்நுட்ப நிறுவனத்தில், வாயுக்களின் மின்னியல்புகளை அளக்கும் கருவியொன்றை இவர் அமைத்துக்கொண்டிருந்தார். தமது கை அருகே செல்லும்போது கருவியின் ஒலி உயர்தலையும், விலகும்போது தாழ்தலையும் கண்டார். பிறர் இதனைக் கருவியின் குற்றமென்று கருதி விலக்கியிருப்பர். தெர்மெனோ செல்லோ என்னும் வில்யாழைப் பயின்றவர். அவ்வொலியில் இசையைக் கேட்டார். 1922 இல் லெனின் முன்னிலையில் இக்கருவியை இசைத்துக் காட்டினார். 1927 இல் ஐரோப்பிய நகரங்களிற் சுற்றுலா நிகழ்த்தி அமெரிக்கா சென்றார். 1928 இல் அங்கே இதற்கு ஆக்கவுரிமை பெற்றார்.

1929 இல் ஆர்.சி.ஏ. என்னும் அமெரிக்க வானொலி நிறுவனம் ஏறத்தாழ 500 தெரமின்களைச் செய்து விற்பனைக்கு விட்டது. ஒரு பாட்டை முணுமுணுக்கவோ சீழ்க்கையடிக்கவோ தெரிந்த எவரும் இதனை இசைக்கலாம் என்று விளம்பரம் செய்தது. வாங்கியோர் பலர் வீட்டிற்குக் கொண்டுபோய்க் கையை அசைத்தபோது, எழுந்தது நரியின் ஊளையை ஒத்த ஒலியே. அதே ஆண்டில் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியும், கருவியின் விலையும், பயிற்சியின் அருமையும் ஒருங்கு சேர்ந்து அவ்வணிகத்தை முடித்துவிட்டன.

கருவியின் உண்மையான ஆற்றலை உலகுக்குக் காட்டியவர் கிளாரா றொக்மோர் என்னும் பெண்மணி. 1911 இல் வில்னியஸ் நகரிற் பிறந்த இவர், பள்ளிப் பருவத்துக்கு முன்னரே வயலினில் வியத்தகு திறன் காட்டி, சென் பீற்றர்ஸ்பேர்க் இசைக்கல்லூரியிற் சேர்க்கப்பட்டவர். இளமையில் உற்ற ஊட்டக்குறைவால் எலும்பு நலிந்தது; பின்னாளில் வில்லைப் பிடித்தல் இயலாதாயிற்று. வயலினை இழந்த அவர் தெரமினைக் கைக்கொண்டார். 1934 இல் நியூயோர்க்கில் அரங்கேறி, 1998 இல் மறையும்வரை இக்கருவியின் தலைசிறந்த கலைஞராக மதிக்கப்பெற்றார். வயலின் விரல்களை இழந்தார். வயலின் வளர்த்த செவியை இழந்தாரல்லர். தெரமின் வேண்டியது அச்செவியையே.

ஒலி பிறக்குமாறு

தம்புராவின் இரு சாரணித் தந்திகளைச் சுருதி சேர்த்தவர், அவை சிறிது வேறுபட்டிருக்கும்போது ஒலி அலையலையாய் ஏறி இறங்குவதைக் கேட்டிருப்பர். இதனைப் பௌதிகநூலார் அடிப்பு என்பர். ஒரு தந்தி செக்கனுக்கு 120 முறையும் மற்றையது 122 முறையும் அதிருமாயின், செக்கனுக்கு இரண்டு அடிப்புகள் கேட்கும். அஃதாவது, அடிப்பின் எண் இரு மீடிறன்களின் வேறுபாட்டுக்குச் சமம்.

தெரமினின் முழு இரகசியமும் இதுவே. அதனுள் மின்னலையம் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் செக்கனுக்கு இலட்சக்கணக்கான முறை அதிர்வது. மனிதச் செவிக்கு எட்டாதது. ஓரலையத்தின் மீடிறன் மாறாதது. மற்றையது, கருவியின் வலப்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் உணர்கொம்புடன் இணைக்கப்பட்டது. மனித உடல் மின்னைக் கடத்துவதாகலின், கை உணர்கொம்பை அணுகும்போது அவ்விரண்டும் ஒரு கொள்ளளவியின் இரு தகடுகள்போல் ஆகின்றன, கொள்ளளவம் மிகுகின்றது, அலையத்தின் மீடிறன் குறைகின்றது. எடுத்துக்காட்டாக, மாறா அலையம் 3,00,000 ஆகவும் மாறும் அலையம் 2,99,760 ஆகவும் இருப்பின், வேறுபாடாகிய 240 ஒலிபெருக்கியில் இசையாய்க் கேட்கும். கை சற்று அணுக, மாறும் அலையம் 2,99,640 ஆகும், 360 கேட்கும். 240 ஐச் சட்சமமாகக் கொள்ளின் 360 பஞ்சமமாகும். சட்சமத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவும் அவ்வளவு பெரிய இசைவேறுபாடு, அலையத்தில் 2,500 இல் ஒரு பங்கு மாற்றத்தால் விளைவதாகும். விரல் சிறிது நடுங்கினாலும் சுரம் நடுங்குவதற்குக் காரணம் இதுவே.

இடப்புறத்தில் கிடையாக வளைந்த மற்றோர் உணர்கொம்பு உண்டு. இடக்கை அதனை அணுகினால் ஒலி தணியும். உயர்ந்தால் ஒலி பெருகும். ஆகவே வலக்கை சுரத்தையும் இடக்கை வன்மை மென்மைகளையும் ஆளுகின்றன.

சுரம் இருக்கும் இடம்

பழந்தமிழ் யாழில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நரம்பு இருந்தது. செவியால் ஒருமுறை இசை கூட்டிவிட்டபின், சுரத்தின் இடம் நரம்பிலே நிலைபெற்றது. காரைதீவிற் பிறந்து, புறநிலை மாணவராக இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்ற விபுலாநந்த அடிகள், 1947 இல் வெளிவந்த தமது யாழ்நூலில் இவ்விசை கூட்டும் முறையைக் கணிதத்தாலும் இலக்கியச் சான்றாலும் விரித்துரைத்தார். வீணையில் 24 மெட்டுகள் சுரத்தின் இடத்தை வரையறுக்கின்றன. 19 ஆம் நூற்றாண்டிற் பாலுசுவாமி தீட்சிதர் முதலியோரால் நம் இசைக்கு உரியதாக்கப்பட்ட வயலினில் மெட்டுகள் இல்லை. எனினும் விரலின் கீழே தந்தி உண்டு. திருவிடைமருதூர் சகாராமராவ், மைசூர் நாராயண ஐயங்கார் ஆகியோர் புகழ்பெறச் செய்த கோட்டுவாத்தியத்தில் மெட்டும் இல்லை, விரல் நேரே அழுத்துவதும் இல்லை. வழுவழுப்பான கட்டையொன்று தந்தியின்மேல் வழுக்கிச் செல்ல, செவி ஆணையிடும் இடத்தில் அது நிற்கின்றது. தெரமினுக்கு நம்மிடையே உள்ள நெருங்கிய உறவுக்கருவி இதுவே. கோட்டுவாத்தியத்தில் எஞ்சியிருந்த தந்தியும் நீங்கினால் தெரமின் ஆகும்.

ஒரு நாள் பஞ்சமம் ஒலித்த இடத்தில் மறுநாள் கையை வைத்தால் வேறு சுரம் ஒலிக்கலாம். இசைப்போன் ஓரடி பின்னே நிற்பினும், அறையில் இன்னொருவர் நுழையினும், காற்றின் ஈரமும் வெப்பமும் மாறினும் கருவியின் மின்புலம் மாறும். வடகீழ்ப் பருவமழை பொழியும் மார்கழி, தை மாதங்களில், நமுனுகுலை மலையிலிருந்து மூடுபனி இறங்கும் பசறை போன்ற ஊரிலே இதனை வாசிப்பவர் அடிக்கடி கருவியைச் சரிசெய்ய நேரிடும். ஆகவே இடத்தை மனனஞ் செய்தல் பயனற்றது. மாறாதிருப்பது சட்சமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள 2:3 என்ற உறவு ஒன்றே. நம் பழைய இசைநூலார் சுரங்களின் தொடர்பை இணை, கிளை, பகை, நட்பு என உறவுப்பெயரிட்டு வழங்கியதன் நுட்பம் இங்கே விளங்கும்.

பயிலத் தொடங்குதல்

முதலாவது, இடமும் நிலையும். சுவர், இரும்பு அலுமாரி, பிற மனிதர் ஆகியவற்றிலிருந்து ஒரு மீற்றருக்குக் குறையாத தொலைவிற் கருவியை வைத்தல் வேண்டும். மின்னூட்டிப் பதினைந்து நிமிடம் கழிந்தபின் வாசித்தால் அலையங்கள் நிலைபெற்றிருக்கும். இரு பாதங்களையும் சிறிது அகல ஊன்றி, உடலும் தலையும் அசையாது நிற்றல் வேண்டும். தலையசைத்துத் தாளத்தில் ஈடுபடும் நம் வழக்கம் இங்கே ஆகாது. தலையும் சுரத்தை மாற்றும்.

இரண்டாவது, புலத்தைச் சரிசெய்தல். வலக்கையைத் தோளருகே ஒதுக்கும்போது இரு அலையங்களும் ஒத்து, ஒலி அடங்கவேண்டும். இதனைப் பூச்சிய நிலை என்பர். கருவியிலுள்ள திருகியைத் திருப்பி இந்நிலையை அமைக்கலாம். அதிலிருந்து உணர்கொம்பை நோக்கிக் கை செல்லச்செல்ல ஒலி உயரும். வயலின் தந்தியில் தாரஸ்தாயியை அணுகுந்தோறும் சுரங்கள் நெருங்குதல்போல, இங்கும் உணர்கொம்பின் அருகே சுரங்கள் மிக நெருங்கிவிடும்.

மூன்றாவது, விரல்முறை. புதிதாகத் தொடங்குவோர் முழுக்கையையும் முன்னும் பின்னும் ஆட்டுவர். இதனாலேயே ஊளையொலி எழுகின்றது. கிளாரா றொக்மோர் வகுத்த முறை வேறு. பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட, விரல்களை மடக்கிக் கையைக் கீழ்ச் சுரத்தில் நிறுத்தவேண்டும். முழங்கையை அசைக்காது விரல்களைச் சிறிது சிறிதாக நீட்ட, அடுத்தடுத்த சுரங்கள் ஒலிக்கும். ஜேர்மனியக் கலைஞர் கரோலினா ஐக் இதனை வளர்த்து, ஒரு ஸ்தாயியின் எட்டுச் சுரங்களையும் கையின் எட்டு நிலைகளில் அடக்கும் முறையொன்றை 2006 இல் நூலாக வெளியிட்டார். பெரிய தாவலுக்கு முழங்கையும், சிறிய நகர்வுக்கு மணிக்கட்டும் விரலும் என்பது பொதுவிதி.

நான்காவது, இடக்கை. ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வலக்கை செல்லும்போது இடையிலுள்ள ஒலிகள் யாவும் கேட்கும். அவற்றை மறைக்க, நகரும் கணத்தில் இடக்கை தாழ்ந்து ஒலியைத் தணித்து, புதிய சுரம் அமைந்தவுடன் உயர்தல் வேண்டும். வயலினுக்கு வில் எவ்வாறோ, தெரமினுக்கு இடக்கை அவ்வாறு.

வரிசைகளைப் பயிலும் முறை

மேனாட்டு ஆசிரியர்கள் எழுதிய பயிற்சிகள் பல உள. ஆயினும் தமிழ் மாணவனுக்கு அவற்றினும் ஏற்றது, புரந்தரதாசர் வகுத்தாரென மரபு கூறும் நம் அப்பியாசகான முறையே. அவ்வரிசைகள் ஒவ்வொன்றும் தெரமினில் ஒவ்வொரு திறனைத் தனித்தெடுத்துப் பயிற்றுவன.

முதல் மாதத்திற் சட்சமம் ஒன்றே போதும். தம்புராவையோ சுருதிப்பெட்டியையோ ஒலிக்கவிட்டு, முதலில் வாயாற் சட்சமத்தை அகாரமாகப் பாடவேண்டும். பாடிய சுரம் நெஞ்சில் நிற்க, கையால் அதனைத் தேடிச் சேரவேண்டும். சேராதபோது அடிப்பு கேட்கும். அடிப்பு மெலிந்து மறையுமிடமே சுருதி. ஒரு மூச்சளவு அங்கே நிற்கப் பழகியபின், மேற்சட்சமத்தையும் அடுத்துப் பஞ்சமத்தையும் அவ்வாறே சேர்க்கவேண்டும்.

இதன்பின் மாயாமாளவகௌளை. சட்சமத்தை 240 எனக் கொள்ளின், இயற்கைச் சுரங்களின் மீடிறன்கள் 240, 256, 300, 320, 360, 384, 450, 480 என முழுவெண்களாகவே அமையும். இவ்வெண்களை நோக்கினால், சட்சமத்துக்கும் ரிஷபத்துக்கும் இடையே 16 உம், ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே 44 உம் உள்ளன. அடுத்தடுத்த சுரங்களே ஆயினும் இடைவெளி ஒன்றல்ல. சரளிவரிசை இவ்வேறுபாட்டைக் கைக்குக் கற்பிக்கின்றது. பூர்வாங்கத்தின் அதே அமைப்பு உத்தராங்கத்திலும் மீள்வதால், ச ரி க ம என்பதைப் பயின்ற விரல், ப த நி ச என்பதை உறவாற் கண்டுகொள்ளும்.

ஜண்டைவரிசையில் ஒரே சுரம் இருமுறை ஒலிக்கவேண்டும். இங்கே வலக்கை அசையாது. இடக்கை மட்டும் ஒருமுறை தாழ்ந்து எழும். இரண்டாம் சுரத்துக்கு அழுத்தம் தருதல் ஜண்டையின் இலக்கணமாகலின், இடக்கை இரண்டாம் முறை சற்றே விரைந்தெழுதல் வேண்டும். தாட்டுவரிசை தாவலைச் சோதிப்பது. இடையே சுரங்கள் கேளாமல் தாவி, சேருமிடத்திற் பிசகாமல் நிற்கும் ஆற்றலை அது தரும். அலங்காரங்கள் இவையனைத்தையும் தாளத்திற் கட்டுவன.

கமகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். சுரத்திற் பிழைபட்ட தொடக்கக்காரர் கையை நடுக்கி அப்பிழையை மறைக்க முயல்வர். மேனாட்டிசையின் நடுக்கம் சுரத்தை அழகுசெய்வது. நம் கம்பிதமோ இரு சுரங்களை வரையறையோடு தொட்டு அசைவது. அசைவின் எல்லைகளைச் செவி அறியுமுன் கையை அசைத்தல் தகாது. இதற்கு மாறாக, சாரு என்னும் வழுக்கல் இக்கருவிக்கு இயல்பிலேயே அமைந்தது. ஆதலின் முதலில் நிற்றல், பின்பு வழுக்கல், இறுதியில் அசைத்தல் என்ற ஒழுங்கே சிறந்தது. நாளொன்றுக்கு இருபது நிமிடம் இடைவிடாது பயில்வது, வாரத்துக்கொருமுறை இரண்டு மணி நேரம் பயில்வதினும் நன்று.

எந்திரமும் செவியும்

தெரமின் இன்று அரும்பொருட் காட்சிச்சாலைக்கு உரியதாகிவிடவில்லை. 1954 இல் இளைஞராயிருந்த றொபேட் மூக் அதனைச் செய்து விற்கத் தொடங்கினார். அவரது நிறுவனமே பிற்காலத்தில் இதனைப் பரப்பிற்று. ஜப்பானில் தக்கெயுச்சி மசாமி என்பார் மரப்பொம்மைக்குள் அடங்கும் சிறு தெரமினை ஆக்கிப் பொதுமக்களுக்குக் கற்பித்தார். 2013 இல் 272 பேர் ஒருங்குகூடி அதனை இசைத்தனர். 2014 இல் மூக் நிறுவனம் வெளியிட்ட தெரமினி என்னும் கருவி, கை பிழைபட்ட இடத்திலிருப்பினும் அண்மையிலுள்ள சரியான சுரத்துக்கு ஒலியைத் தானே திருத்தித் தரும் வசதியுடையது. தொடக்கக்காரருக்கு அது மகிழ்ச்சி தரலாம். ஆனால் திருத்தும் பொறுப்பை எந்திரம் ஏற்றவுடன் செவி உறங்கிவிடுகின்றது.

இவ்வழக்கு நமக்குப் புதிதன்று. ஆர்மோனியத்தின் கட்டைகள் கமகத்துக்கு இடந்தராதன, அதன் சுரங்கள் சமனாகப் பங்கிடப்பட்டவை என்ற காரணங்களால், 1940 இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது. 1970 களின் தொடக்கத்திலேயே அத்தடை தளர்ந்தது. 240 ஐச் சட்சமமாகக் கொண்ட ஆர்மோனியத்தில் அந்தர காந்தாரம் 302 க்குச் சற்று மேலே ஒலிக்கும். தம்புரா வேண்டுவதோ 300. கூட்டுப் பசனைக்கு ஆர்மோனியம் செய்த உதவியை மறுத்தல் நன்றியன்று. ஆயினும் பாடுவோர் அதனைச் சார்ந்தே சுரத்தைத் தேடப் பழகினால், கட்டை ஓய்ந்தபோது சுருதியும் ஓய்ந்துவிடும்.

நம் மலையகப் பாடசாலைகள் பலவற்றில் இசைக்கருவி இல்லை. சிலவற்றில் இசையாசிரியரும் இல்லை. வீணை வந்தபின் கற்பிக்கலாம் என்று ஆண்டுகள் கழிகின்றன. அவ்வாண்டுகளிற் படித்து வெளியேறும் மாணவர்க்கு வீணை பின்னர் வந்து பயனில்லை. தோட்டத்து மக்கள் இசையில் வறியரும் அல்லர். காமன்கூத்தும் திருவிழாத் தப்பும் தாள உணர்வைக் குழந்தைப் பருவத்திலேயே உடலிற் பதிப்பன. அவ்வுணர்வோடு சுருதியுணர்வும் சேருமாயின் இசைக்கல்வியின் அடிப்படை அமைந்துவிடும். விலையுயர்ந்த தெரமினைப் பாடசாலைக்கு வாங்குக என்று இக்கட்டுரை கூறவில்லை. தெரமின் பயில்வோன் முதல் மாதத்திற் செய்வனவற்றைக் கருவியின்றியே எந்த வகுப்பிலும் செய்யலாம் என்பதே இதன் துணிபு.

காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடுமுன், சுருதிப்பெட்டியையோ கைத்தொலைபேசியிலுள்ள சுருதிச் செயலியையோ ஒலிக்கவிட்டு, மாணவர் யாவரும் ஒரு நிமிடம் சட்சமத்தில் அகாரமாக நிற்கலாம். பின்பு, ஆசிரியர் கையைக் காற்றில் உயர்த்தியும் தாழ்த்தியும் காட்ட, அக்கை நிற்குமிடத்துக்குரிய சுரத்தை மாணவர் பாடலாம். மார்பளவு சட்சமம், தோளளவு பஞ்சமம், தலைக்குமேல் மேற்சட்சமம் எனத் தொடங்கினாற் போதும். இங்கிலாந்தில் 19 ஆம் நூற்றாண்டில் ஜோன் கேர்வென் என்பார் இவ்வாறு கைக்குறியாற் சுரம் கற்பித்தார். அம்முறை இன்றும் பல நாடுகளில் வழங்குகின்றது. சில மாதங்களில் மாணவருள் ஒருவரே முன்வந்து கைகாட்ட, வகுப்பு முழுவதும் பாடும். கைகாட்டும் மாணவனும் தான் வேண்டும் சுரத்தை முதலில் உள்ளத்திற் கேட்டே கையை உயர்த்துவான். தெரமின் வாசிப்போன் செய்வதும் அதுவே.

முணுமுணுக்கத் தெரிந்த எவரும் இசைக்கலாம் என்ற 1929 ஆம் ஆண்டு விளம்பரம் வணிகர் கூற்றாய் முடிந்தது. அதனைச் சிறிது திருத்தி, சுருதியோடு முணுமுணுக்கத் தெரிந்தவர் எவரும் கற்கலாம் எனின் அது முற்றும் உண்மையாகும். அச்சுருதியைச் சிறுவயதிலேயே ஊட்டுதல் ஆசிரியர் கடன். அதற்கு வேண்டுவன ஒரு சுருதியொலியும் நாள்தோறும் ஒரு சில நிமிடங்களுமே.